லா பாஸ் என்றால் வழி என்று நினைத்தேன்

மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களில் கூலித் தகராறு மூண்டு அடங்கிய காலம். ரிவியேர் தே ஸாங்கீய் பக்கம் ஒரு தோட்டத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். வேலைக்கு வராமல் நின்றவர்களோடு நானும் நின்றதால், குடியிருந்த அறையும் போயிற்று. மேற்கே கடலோரத்தில் ஒரு சுண்ணாம்புக் காளவாயில் ஆள் எடுக்கிறார்கள், அன்று மாலையோடு முடிந்துவிடும் என்று கேள்விப்பட்டு மனைவியோடு நடந்தேன். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி.

மத்தியானம் ஒரு பழைய கடலோரக் கிராமத்துக்கு வந்தோம். சவுக்கு மரங்கள், கறுப்புப் பாறைகள், கூரை போன ஒரு கல் கிடங்கு. எதிரே குடா, அதன் மறுகரையில் காளவாயின் புகை. சாலையோ ஆற்றுப் பாலத்தைத் தேடி உள்ளே வளைந்து போயிற்று. சுற்றிப் போனால் வேலை போய்விடும்.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம், குறுக்கே நடக்கலாமா என்று தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டேன். அவர் நிமிராமலே கடலைக் காட்டி, "லபா லா பாஸ்" என்றார். அங்கே லா பாஸ் இருக்கிறதாம். கடந்து போவதை நாங்கள் 'பாஸே' என்போம். கடல் பழக்கமில்லாத தோட்டக் கூலியான நான் அதைக் கடக்கும் வழி என்றே எடுத்துக்கொண்டேன்.

கடல் வற்றியிருந்தது, முழங்கால் தண்ணீர்தான். மனைவி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"தனியா வந்தா காலு நனையும். ஒங்க கூட வந்தா தலையும் நனையும்."

பாதி தூரம் போனதும் தண்ணீர் சில்லென்று மாறியது. காலடி மணல் நழுவியது. புடவையை ஏதோ ஒரு பக்கமாக இழுத்தது. என் தோளைப் பிடித்திருந்த அவள் பிடி இறுகியது. அலை உடையும் பாறைத் திட்டிலிருந்து ஒரு கிரியோல் பெண் கையை வீசிக் கத்தினாள். பாறை இடுக்குகளில் ஒளியும் எட்டுக் கைப் பேய்க்கணவாயை நீளமான இரும்புக் கம்பியால் குத்திக்கொண்டிருந்தவள். தன் இடத்தைக் கலைக்கிறோம் என்று விரட்டுகிறாள் போலும் என நினைத்து வேகமாக நடந்தேன்.

அவள் பாறைமேல் ஓடிவந்து கம்பியை எங்களுக்கு முன்னால் எறிந்தாள். ஆள் உயரக் கம்பி. அது எங்கும் குத்தி நிற்கவில்லை. நேராக இறங்கி மறைந்துவிட்டது.

நாங்கள் நின்றோம். இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் அவ்வளவுதான்.

அவள் மேட்டு மணல் வழியாகச் சுற்றி வந்து மனைவியின் கையைப் பிடித்தாள். என்னைப் பார்த்து, "பாத்தோ பாஸே. திமூன் பா பாஸே" என்றாள். படகு கடக்கும், மனிதர் கடப்பதில்லை.

கரைக்கு வந்தபின் விளக்கினாள். ஆறு கரையோடு முடிவதில்லையாம்; கடலுக்கு அடியிலும் ஓடுகிறதாம். ஆற்றின் நல்ல தண்ணீர் படும் இடத்தில் பவளப்பாறை வளராது. அந்தப் பள்ளமான இடைவெளிதான் லா பாஸ். அதன் வழியாகத்தான் முன்பு சர்க்கரைப் படகுகள் வெளிக்கடலுக்குப் போயின. கிடங்கும் ஊரும் அதனால் உண்டானவை.

அதற்குமேல் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மனைவி வயிற்றில் கைவைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். குழந்தை அசையவில்லை. அந்தப் பெண் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் கையையும் வயிற்றில் வைத்தாள். மறுகரைப் புகை மெலிந்துகொண்டே வந்தது. வெகுநேரம் கழித்து மனைவி, "ஒதைக்குது" என்றாள். அந்தப் பெண்தான் முதலில் சிரித்தாள்.

காளவாய் வேலை கிடைக்கவில்லை. அப்புறம் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். ஆனால் எங்கள் மகள் ஓடி விளையாடுவதைப் பார்க்கும்போதெல்லாம், பேர் கூடக் கேட்காமல் விட்ட அந்தப் பெண் மறுநாள் எதை வைத்துக் கணவாய் குத்தியிருப்பாள் என்ற நினைப்பு எனக்கு வராமல் இருந்ததில்லை.