உப்புக்கு மேற்கே தேங்காய் எண்ணெய்

"எங்கன நிக்கிய டீச்சர்?" என்று ஜெபராணி போனில் கேட்டபோது, அடையாளம் சொல்ல எதையாவது தேடிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு காலை, டெல்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் இருந்த தெருவில் அவளுக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தேன். கட்டடங்களை இடித்துவிட்டு, தெரு நீளத்துக்கும் நீலத் தகரம் அடைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும், ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்ல அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

அவள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என்னிடம் படிக்க வந்தபோது, டிரைவரான அவள் கணவர் முதுகு போய்ப் படுத்திருந்தார். ஒரு நர்சிங் ஹோமின் மருந்து ஸ்டோரில் உதவியாள் வேலை காலியிருந்தது. மாடியிலிருந்து மேட்ரன் போனில் கேட்பார், எந்தச் சாமான் எங்கே என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அதுதான் பரீட்சை. கிடைக்காவிட்டால் பிள்ளைகளோடு ஊர் திரும்ப வேண்டியதுதான்.

"ஊருக்குப் போவ மாட்டேன் டீச்சர். படிச்சிருதேன்," என்றாள். கேட்கவில்லை, அறிவித்தாள்.

பாடப் புத்தகமெல்லாம் கிடையாது. ஐ.என்.ஏ. மார்க்கெட் பையை அந்தக் குவார்ட்டர்ஸ் வீட்டு மேஜையில் கவிழ்ப்பேன். பெருங்காய வாசனை வந்தால் இப்போதும் எனக்கு அந்த வகுப்புதான் ஞாபகம் வரும். முதல் நாள், உப்பு எங்கே, எண்ணெய் எங்கே என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"சால்ட் ஈஸ்ட். கோகனட் ஆயில் வெஸ்ட்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அவர்கள் ஊரில் அப்படித்தான்; தட்டைக்கூடத் தெற்கே நகர்த்து என்பார்கள். ஜன்னல் சாத்திய என் அறையிலும் அவளுக்குத் திசை தப்பாது. நானோ ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குள் போனால் எந்த வாசலில் வெளியே வருவேன் என்று எனக்கே தெரியாது.

"மேட்ரனுக்குக் கிழக்கு எங்க தெரியும்? பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்லு. ஒரு சாமானக் காட்ட இன்னொரு சாமான் வேணும்மா."

அந்தக் குளிர்காலம் முழுக்க வந்தாள். டம்ளரை ஃபிரிட்ஜ் மேல் வைப்பேன், உப்பு பாக்கெட்டை நாற்காலிக்கு அடியில் தள்ளுவேன். குளிரில் பல் தந்தியடிக்க, எது எங்கே என்று இங்கிலீஷில் சொல்லுவாள். கிழக்கு என்று வாயில் வந்தால் தானே நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அவள் போன பிறகு என் கணவர் சமையலறையில் உப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

பரீட்சை முடிந்ததும் போன் செய்தாள். "பஞ்சு எங்கன்னு கேட்டாவ. கெழக்குன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு டீச்சர். முழுங்கிட்டேன். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துல, ஜன்னலுக்குக் கீழன்னு இங்கிலீசுல சொல்லிட்டேன். நாளைக்கே வரச் சொல்லிட்டாவ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்று அந்த ஸ்டோருக்கே அவள்தான் பொறுப்பு.

அவளிடம்தான் ஞாயிறன்று, "தகரத்துக்குப் பக்கத்துல நிக்கிறேன்," என்றேன். தெருவே தகரம். எங்கள் பிளாக்குக்கு அடையாளமாயிருந்த பால் பூத் இல்லை, இஸ்திரிக்காரர் மேஜை இல்லை, வேப்பமரமும் இல்லை.

"வெயில் மூஞ்சில அடிக்கா டீச்சர்? அப்படியே வெயிலப் பாத்து நடந்து வாங்க."

நடந்தேன். எதிரே வந்தாள். தெருமுனையிலிருந்து எவ்வளவு தூரம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே என் கையைப் பிடித்து அழைத்துப்போனாள். ஓரிடத்தில் நின்று தகரத்தைத் தட்டினாள்.

"இதுக்கு உள்ளதான் நம்ம மேஜ. உப்பு கெழக்க, எண்ண மேக்க."

நான் திருத்தவில்லை. பக்கத்தில் காட்ட அங்கே வேறெதுவும் இல்லை.