மெதுவாகப் போகிற மோட்டார்

வைகை அணையில் தண்ணீர் இறங்கிக் கிடந்த ஒரு சித்திரையில் என் வீட்டுக்காரர் கரைப்பாறையில் வழுக்கி விழுந்தார். எழுபதுகளின் நடுவில் என்று நினைவு. வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள்கூட இன்னும் ஊர் திரும்பவில்லை. வலது தோள் இறங்கிவிட்டது. கட்டுப் போட்டு, எண்ணெய் தேய்த்து, கட்டைப் பிரித்த பிறகும் கை மார்புக்கு மேல் எழவில்லை. சட்டைக்குள் கையை நுழைக்கவே என் உதவி வேண்டியிருந்தது. துடுப்பு எங்கே பிடிப்பது?

அணைக்குள் மீன் பிடிக்க ஒரு லைசென்ஸ், கனத்த மரப்படகு ஒன்று, கொஞ்சம் வலைகள், வீட்டில் நாலு ஆடு. எங்களுக்கு இருந்தது அவ்வளவுதான். அதனால் துடுப்பை நான் எடுத்தேன். வைகாசி முழுக்க நான் வலித்தேன், அவர் இடது கையால் வலை விட்டார். சோற்றுக்குக் குறைவில்லை.

ஆனி பிறந்ததும் காற்று வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இருந்தவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு மலையிலிருந்து இறங்கி, அணைத்தண்ணீரைச் சுருட்டிக் கிழக்கே தள்ளும். எங்கள் வலை கிடந்தது மேற்கே. நான் வலிக்க வலிக்கப் படகு பின்னால் போனது. உள்ளங்கைத் தோல் உரிந்து துடுப்பில் ஒட்டியது.

"விட்ரு புள்ள. திரும்பிருவோம்" என்றார் அவர்.

மறுநாளும் அப்படியே திரும்பினோம். காற்று சற்றுத் தணிந்த பிறகு போய்த் தூக்கினால், வலை நிறைய மீன். அத்தனையும் அழுகியிருந்தது. கெண்டையும் ஜிலேபியும் கண் வெளுத்து, தொட்ட இடத்தில் கரைந்தன. வலையை அலசிக்கொண்டே வாந்தி எடுத்தேன்.

ஆடி முடிவதற்குள் ஒழுங்காக மீன் கொண்டுவராவிட்டால் லைசென்ஸை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவோம் என்று மீனவர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

"கையும் போச்சு, இனிப் படகும் போகும். நீ எதுக்குப் புள்ள எங்கூட இருந்து கெட்டுப்போற?" என்றார் சுவரிடமே.

தேக்கடி ஏரியில் மோட்டார் படகு ஓடியதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அந்த நினைப்பில்தான் ஆடுகளை விற்று, அவரைக் கிளப்பிக்கொண்டு தேனி கடைவீதிக்குப் போனேன். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் விற்கிற கடை. முதலாளி வேதக்காரர், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். கடல் பக்கமிருந்து வந்த இரண்டு பழைய மோட்டார்கள் அவரிடம் கிடந்தன. படகின் பின்பலகையில் மாட்டித் திருகிவிடலாம். ஒன்று பெரியது, எட்டுக் குதிரைச் சக்தி. மற்றது சின்னது, இரண்டு குதிரை.

"எனக்கு வயக்காட்டு எஞ்சின்தான் தெரியும், படகு தெரியாது. ரெண்டையும் தண்ணியில போட்டுப் பாத்துட்டு எடுங்க" என்றார் அண்ணாச்சி.

"பாக்குறதுக்கு என்ன இருக்கு? காத்தக் கிழிச்சுக்கிட்டுப் போகணும். பெருசக் குடுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் விடவில்லை. "ஏங்க, வலை விடுறப்ப மெதுவாத்தான போகணும்? அதோட அந்தக் கனத்தக் கரையில ஏத்தி எறக்குறது யாரு?"

"நாந்தான். எனக்கு இன்னொரு கை இருக்குல்ல?" என்றார் அவர். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டையும் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று மட்டும் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஜெபம் முடிந்து, வெள்ளை வேட்டி சட்டையோடு அண்ணாச்சியே இரண்டு மோட்டாரையும் வண்டியில் கொண்டுவந்தார். பெரியதை மாட்டினோம். சின்னதைச் சாக்கில் சுற்றிப் படகுக்குள் போட்டோம். தண்ணீரைக் கண்டு பயந்தாலும் அண்ணாச்சியும் ஏறிக்கொண்டார்.

பெரிய மோட்டார் உறுமியதும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. சித்திரைக்குப் பிறகு அன்றுதான் என் வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் வலை கிடந்த இடத்துக்குப் போய் வேகத்தைக் குறைத்ததும் மோட்டார் இருமத் தொடங்கியது. புகை கக்கியது. வலையின் நுனியை நான் எட்டிப் பிடிக்கும்போது நின்றேவிட்டது.

என் வீட்டுக்காரர் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இடது கையால் இழுத்தார். மறுபடி இழுத்தார். அண்ணாச்சி பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்; எண்ணெயில் நனைந்து கிடந்தது. துடைத்துப் போட்டும் எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் காற்றும் ஏறியது. வலை என் கையிலிருந்து நழுவியது.

கிழக்கே போகத் தொடங்கினோம். நான் துடுப்பை எடுத்து வலித்தேன், பலனில்லை. தூரத்தில் அணையின் கல்சரிவில் அலை மோதி வெள்ளையாய்ச் சிதறுவது தெரிந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில், அணை கட்டியபோது மூழ்கிய புளியமரங்களின் கட்டைகள். புதுத் தண்ணீர் வந்து பாதியை மூடியிருந்தது. அண்ணாச்சி வாய்விட்டு ஜெபம் சொன்னார். என் வீட்டுக்காரர் மட்டும் கயிற்றை இழுப்பதை நிறுத்தவில்லை.

"போதுங்க, அத விடுங்க!" என்று கத்தினேன்.

"விட்டா நாம செத்தோம் புள்ள!"

படகு ஒரு கட்டையில் மோதிச் சாய்ந்தது. நான் பாய்ந்து கட்டையைக் கட்டிப்பிடித்தேன். அண்ணாச்சி தன் துண்டால் படகை அதில் கட்டினார். துண்டு எவ்வளவு நேரம் தாங்கும்?

"இதக் கழத்திட்டுச் சின்னத மாட்டுவோம்" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்றும் எழுத முடியவில்லை. பிறகு குனிந்து திருகைக் கழற்றினார். பெரிய மோட்டாரை நானும் அண்ணாச்சியும் தூக்கி உள்ளே இழுத்தபோது, படகு ஒரு பக்கமாய்ச் சரிந்து தண்ணீர் மொண்டது. சின்னதை நான் தனியாகவே தூக்கி மாட்டினேன். அவர் கயிற்றை இழுத்தார். பிடித்துக்கொண்டது.

துண்டு அவிழ்ந்தது. முழு வேகத்தில் வைத்தும் படகு நகர்கிறதா என்றே தெரியவில்லை. பாய்ச்சல் இல்லை, உறுமல் இல்லை, தையல் மிஷின் மாதிரி ஒரே சத்தம். கட்டை பக்கத்திலேயே நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முழம் பின்னால் போனது. இன்னொரு முழம். அலை வந்து அடித்தால் மறுபடி பக்கத்தில் வந்தது. நான் அழுதுகொண்டே தண்ணீரை இறைத்தேன்.

"நிக்காது ஆத்தா. இதுக்கு இது முழுவேலை, அதான் மூச்சு விட்டு ஓடுது. பெருசுக்கு மெதுவாப் போறப்ப வேலை பத்தல, அதான் எண்ணெயக் குடிச்சு அடைச்சுக்கிருச்சு" என்றார் அண்ணாச்சி. எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

கரை சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் மணலில் உட்கார்ந்து இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அறுத்து ரத்தம் கசிந்தது. "சின்னதையே எடுத்துக்கிறோம் அண்ணாச்சி" என்றார். தோற்றுப்போன ஆளின் குரல். பிழைத்து வந்ததற்கு எங்கள் இருவருக்கும் சந்தோஷப்படத் தெரியவில்லை.

லைசென்ஸ் தப்பியது. அவருடைய கை கடைசிவரை எழவில்லை. கரையில் நடந்து போகிறவர்கள் எங்கள் படகை முந்திப்போய்ச் சிரிப்பார்கள். காற்று முற்றின நாட்களில் அந்த மோட்டாரும் செல்லாது. அன்று அடுப்பும் எரியாது. மற்ற நாட்களில் நான் அதைத் தோளில் வைத்துக் கரையிறங்குவேன், அவர் பெட்ரோல் கேனோடு பின்னால் வருவார். வலைக்குப் பக்கத்தில் போனதும், "மெதுவா, மெதுவா" என்று நான் சொல்ல வேண்டியதே இருக்காது. அது போகிற வேகமே அதுதான்.