குதிகால் தரையில் படிகிறதா

டாக்டர் வடபத்ரன் இறந்துபோனதை எனக்குச் சொன்னவர் ஒரு மருந்துக் கம்பெனி பிரதிநிதி. மாத்திரை அட்டைகளை மேசையில் அடுக்கிக்கொண்டே சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு ஒரு போன் போட அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எலும்பு மருத்துவர்களான நாங்கள் இருவரும் வருடக்கணக்கில் சண்டை போட்டவர்கள்; அதனால் இருக்கலாம்.

சண்டை ஒரே விஷயத்தைப் பற்றியது. கணுக்கால் முறியும்போது சிலருக்குக் கீழ்க்காலின் இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பிடிக்கும் நாரும் கிழிந்துவிடும். முறிவுக்குப் பிளேட் வைப்பதில் தகராறு இல்லை. நாருக்கு என்ன செய்வது? இரண்டு எலும்புகளையும் சேர்த்து ஸ்க்ரூ போட வேண்டும் என்பேன் நான். நாரைத் தைத்து மாவுக்கட்டுப் போட்டால் போதும் என்பார் அவர். "அசையுற எலும்பை எதுக்குவே பூட்டுறீரு?"

எக்ஸ்ரேயை அவர் முழுதாக நம்பியதில்லை. தேரடியில் பழைய நோயாளி யாரைக் கண்டாலும், "செத்த குத்தவச்சு உக்காருங்க, பாப்போம்" என்பார். அந்த மனிதர் வேட்டியை மடித்துக்கொண்டு நடுத்தெருவில் உட்கார, குதிகால் தரையில் படிகிறதா என்று இவர் குனிந்து பார்ப்பார். வெளிநாட்டுப் புத்தகங்கள் நாற்காலிக்காரர்களுக்காக எழுதப்பட்டவை என்பது அவர் கட்சி. நான் ஸ்க்ரூ போட்டவர்களையும் விட்டுவைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

பிறகு மம்சாபுரம் விலக்கில் நானே பைக்கோடு விழுந்தேன். அதே முறிவு. நின்றுகொண்டே ஆபரேஷன் செய்கிறவனுக்குக் கணுக்கால் போனால் தொழிலே போயிற்று. பக்கத்தில் இருந்தது அவர் ஆஸ்பத்திரிதான்.

"உமக்கு எது வேணும்?"

"ஸ்க்ரூ."

"தொறந்து பாத்துட்டுச் சொல்லுதேன்."

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. பிளேட் வைத்து, நாரைத் தைத்து, எலும்பைக் கொக்கியால் இழுத்துப் பார்த்தார். "இன்னும் வெலகுதுவே. தையல் தாங்காது. உம்ம ஸ்க்ரூதான்." தோற்றவரின் குரலாக அது இல்லை. ஏதோ புதிதாகக் கிடைத்தவரின் குரல். பின்னர் மதுரையில் நடந்த எலும்பு மருத்துவர்கள் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினார். ஸ்க்ரூ யார் கட்சி என்று மட்டும் சொல்லவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை.

கால் ஊன்றும் முன் ஸ்க்ரூவை எடுத்துவிடச் சொன்னார். வீம்புக்கு மறுத்தேன். ஆபரேஷன் மேசை அருகே நின்றால் வலி, குதிகாலும் படியவில்லை. ஒருநாள் படியிறங்கும்போது காலுக்குள் 'டக்' என்றது. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூ இரண்டாக இருந்தது. கேள்விப்பட்டதும் பஸ் ஏறி வந்துவிட்டார்.

"குத்தவச்சு உக்காரும்."

"என் நர்சுக முன்னாலயா?"

"அவியளும் பாக்கட்டுமே."

உட்கார்ந்தேன். குதிகால் படிந்தது. வலி இல்லை. அவரும் எதிரே உட்கார்ந்து என் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நார் ஆறுற வரைக்குந்தான் பூட்டு வேணும் போல. நீரும் பாதி சரி, நானும் பாதி சரி. ஒடஞ்ச துண்டுகளை எடுத்துரவா?"

"இருக்கட்டும்."

அன்றிலிருந்து நின்றுதான் வேலை செய்கிறேன்.

செய்தி வந்த அன்றே துக்க வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள். வேண்டாம் என்றேன். அவர் முறுக்கிய ஸ்க்ரூ இரண்டு பாதியாக இன்னும் என் எலும்புகளில் இருக்கிறது. கோபத்திலும் பாதிக்குக் குறையாமல் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தேன். குதிகால் படிந்தது.