மாட்டுத் தொட்டியில் மீன்குஞ்சுகள்

கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்த மறுவருஷம், ஆடிக் கடைசியில், என் வீட்டுக்காரர் ஒரு தகரக் குடம் நிறைய மீன்குஞ்சு கொண்டுவந்தார். எனக்கு அப்போது வயிற்றில் ஏழாம் மாதம். வாசலில் குரல் கேட்டு எட்டிப் பார்த்தால், குடத்தை இடுப்போடு அணைத்து, பிள்ளையைத் தாலாட்டுகிறவர்போல் ஆட்டிக்கொண்டே நடந்து வருகிறார். பஸ்ஸிலும் வழி நெடுக அப்படித்தானாம். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நனைந்துபோய்த் திட்டியிருக்கிறார்கள்.

"ஆட்டாம வெச்சா செத்துப்பூடும். தண்ணியில காத்து கலந்துக்கினே இருக்கணுமாம்" என்றார்.

குனிந்து பார்த்தேன். சீரகத்துக்குக் கண் வைத்து நீந்த விட்டதுபோல் இருந்தன.

மலை அடிவாரத்தில் எங்கள் நிலத்தை ஒட்டி, எந்தக் காலத்திலோ கல் வெட்டி எடுத்த பள்ளம் ஒன்று உண்டு. மழை பெய்தால் குட்டையாகிவிடும், சித்திரை வரை தண்ணீர் நிற்கும். அதில் வடக்கத்தி மீன் வளர்க்கலாம் என்று பிளாக் ஆபீஸிலிருந்து வந்த கிராம சேவகர் ஆசை காட்டிவிட்டுப் போயிருந்தார். ஆனால் குட்டையில் ஏற்கெனவே விராலும் தண்ணீர்ப்பாம்பும் இருந்தன. இந்தச் சீரகத்தை அதில் கொட்டினால் ஒரு வாய்க்குக் காணாது. அதனால் விரல் நீளம் வரும்வரை வீட்டில் வைத்து வளர்த்து, பிறகு கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

வீட்டில் இருந்த ஒரே தொட்டி, பின்கட்டில் மாடுகளுக்காகக் கட்டியது. என் மாமனார் தன் கையால் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிக் கட்டினது. இடுப்பளவு ஆழம். மகன் அவரைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்தே, அவர் கழனிக்குப் போயிருந்த நேரத்தில் குடத்தைக் கவிழ்த்துவிட்டார்.

சாயங்காலம் மாமனார் வந்து பார்த்தார். மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடுகளிடம்தான் பேசினார், வீடு முழுக்கக் கேட்கும்படி. "உங்க தொட்டியில இன்னாத்தையோ வுட்டுட்டானுங்கடா. வாங்க, நாம ஏரிக்குப் போவலாம்." அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை அந்த ஜோடியை ஓட்டிக்கொண்டு ஏரிக்கு நடந்தார்.

மாமியார் இல்லாத வீடு அது. பெரியவரும், இரண்டு மகன்களும், மருமகள்களாக நானும் என் ஓரகத்தியும், அவள் பிள்ளைகளும். மருமகள்கள் மாமனார் எதிரில் நிற்கக் கூடாது, நேராகப் பேசவும் கூடாது. சோறு போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வோம். அவருக்கு மோர் வேண்டுமென்றால் வெறும் இலையைப் பார்த்து "மோரு" என்பார். அதற்குமேல் அவர் குரல் என் பக்கம் திரும்பியதே இல்லை.

மீனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பாயிற்று. கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் பொடித்துச் சலித்து, காலையில் ஒரு சிட்டிகை. அதற்குமேல் போடக் கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். தென்னங்கீற்று போட்டு மூடியும் காக்கை விடவில்லை. தவளை வந்தது. தண்ணீருக்கு அடியில் கறுப்பாக ஒரு பூச்சி இருந்து, குஞ்சைக் கவ்விப் பிடித்து உறிஞ்சியது. அதைச் சல்லடையால் அரித்து எடுத்து நசுக்குவேன். ராத்திரி படுத்தால் என் வயிற்றில் புரளும் பிள்ளையும், தொட்டியில் புரளும் குஞ்சுகளும் ஒன்றாகக் கலந்து பயமாக வரும். ஒன்றுக்கு ஏதாவது ஆனால் மற்றதற்கும் ஆகிவிடுமோ என்று தோன்றும். யாரிடமும் சொன்னதில்லை.

அவை புளியங்கொட்டை நீளம் வந்திருந்தபோது ஆவணி அமாவாசை வந்தது. மேல்மலையனூர் அம்மனுக்கு வேண்டுதல் இருந்ததால் என் வீட்டுக்காரர், அவர் அண்ணன், ஓரகத்தி, பிள்ளைகள் எல்லோரும் மத்தியானமே ஸ்பெஷல் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். ராத்திரி அம்மன் ஊஞ்சல் ஆடுவதைப் பார்த்துவிட்டு மறுநாள்தான் திரும்புவார்கள். அந்தக் கும்பலில் பிள்ளைத்தாய்ச்சி வரக் கூடாது என்று என்னை விட்டுவிட்டார்கள். மாடுகளுக்காக மாமனாரும் தங்கிவிட்டார்.

மறுநாள் விடிந்தபோது ஓர் இலை அசையவில்லை. ராத்திரியெல்லாம் புழுக்கம். மலைமேல் மேகம் இறங்கி, பாதி மலையைக் காணோம். பின்கட்டுக்குப் போய்க் கீற்றை விலக்கினேன்.

குஞ்சுகள் எல்லாம் மேலே இருந்தன. தண்ணீரின் மேல் விளிம்பில், தலையை மட்டும் தூக்கி, ஆயிரம் வாய் திறந்து திறந்து மூடின. தீனிக்கு வந்திருக்கின்றன என்றுதான் முதலில் நினைத்தேன். என் நிழல் விழுந்தால் வழக்கமாகச் சிதறி ஓடும். அன்று ஓடவில்லை. கையை விட்டேன், விரலுக்கு நடுவிலேயே கிடந்தன. தண்ணீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளுத்து, புளித்த வாடை வீசியது. மூலையில் வெள்ளை வயிறு தெரிய மிதந்தவற்றை அப்புறம்தான் பார்த்தேன்.

குடத்தை ஆட்டிக்கொண்டே வந்த என் வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. கையால் தண்ணீரை அலைத்தேன். அலைக்கிற இடத்தில் கொஞ்சம் உயிர் வந்த மாதிரி இருக்கும், கையை எடுத்தால் மறுபடி வாய் பிளக்கும். புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கிணற்றடிக்குப் போய் ராட்டினக் கயிற்றைப் பிடித்து ஒரு வாளி இழுத்தேன். பாதியிலேயே இடுப்பில் சுரீரென்றது. கயிற்றை விட்டுவிட்டேன்.

மாமனார் கொட்டகையில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். கொட்டகைக் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றேன். பிறகு நானும் மாட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். "மீனெல்லாம் சாவுது. யாராவது தண்ணி சேந்திக் குடுத்தாத் தேவல."

வைக்கோல் உதறும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

அந்தச் சத்தத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. தொட்டியில் வாய்கள் மூடிக்கொண்டிருக்கின்றன, இவர் வைக்கோல் உதறுகிறார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, கம்பத்தைத் தாண்டி அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன்.

"மாமா, வாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்கு முன் பார்த்திருப்பாரா என்று தெரியாது. வைக்கோலைப் போட்டுவிட்டு வந்தார்.

தொட்டியருகில் குனிந்து மோந்து பார்த்தார். கையை அடிவரை விட்டுத் துழாவி, ஒரு பிடி வெள்ளைச் சேற்றை எடுத்தார். "புண்ணாக்கு. புளிச்சிப்போயிருக்குது. இம்மாம் எதுக்குப் போட்ட?"

"நான் போடல மாமா. ஒரு சிட்டிகைதான் போடுவேன்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. நேராகக் கிணற்றுக்குப் போய் இழுக்கத் தொடங்கினார். முதல் வாளியை அப்படியே கொட்டப் போனார்.

"அப்பிடியே ஊத்தாதீங்க. மேல இருந்து ஊத்துங்க, காத்து கலக்கணும்" என்றேன். சல்லடையைத் தலை உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன். அவர் அதன்மேல் ஊற்ற, தண்ணீர் மழை மாதிரி விழுந்தது. குஞ்சுகள் அந்தத் தூறலுக்குக் கீழே வந்து மொய்த்தன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைக் கண்டோம். அவர் ஓடி ஓடி இழுத்தார். நான் சல்லடையை இறக்கவில்லை.

அப்போது கிணற்றுக்குள் தொப்பென்று சத்தம். கயிறு அறுந்து வாளி போய்விட்டது.

"பாழாப்போன கயிறு!" அவர் கையில் ஒரு முழம் துண்டுக்கயிறு தொங்கியது. பாதாளக் கரண்டி எதிர்த் தெருவில் ஒரு வீட்டில்தான் இருந்தது. அதை வாங்கிவந்து, கிணற்றில் விட்டுத் துழாவி, வாளியை எடுத்து, வேறு கயிறு கட்டி… தொட்டியில் தூறல் நின்றதும் வாய்கள் மறுபடி மேலே வந்தன. இந்தத் தடவை நிறைய வெள்ளை வயிறு.

"உள்ள தண்ணி இருக்குது மாமா. அண்டாவுல. தவலையில."

"அமாவாசை இன்னும் முடியல" என்றார். சமையல்கட்டைக் கழுவிக் கோலம் போட்டு வைத்திருந்த நாள். கவிச்சி வாடையே படக் கூடாது. அவர் ஒரு நிமிஷம் வாசற்படியைப் பார்த்து நின்றார். பிறகு, "சரி, மீன உள்ள எடுத்துக்கினு போவலாம்" என்று தோளில் இருந்த துண்டை உருவிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டார்.

நானும் இறங்கினேன். துண்டின் இரண்டு முனையை அவர் பிடித்தார், இரண்டு முனையை நான். எதிரெதிரே நின்று, குனிந்து, துண்டைத் தண்ணீருக்குள் தாழ்த்தி மெதுவாக அரித்துத் தூக்கினோம். துண்டின் நடுவில் குஞ்சுகள் துடித்தன. துடிக்காததையும் சேர்த்துத்தான் கொண்டுபோனோம், பிரித்துப் பார்க்க நேரமில்லை. அண்டாவில் கவிழ்த்துவிட்டு அவர் கையால் ஒரு சுற்றுச் சுழற்றுவார், மறுபடி இருவரும் தொட்டிக்கு வருவோம். மூன்றோ நான்கோ நடை போயிருப்போம். அடுத்த தடவை குனிந்தபோது அடிவயிற்றை ஒரு கை உள்ளேயிருந்து இறுக்கிப் பிடித்தது. துண்டை விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்ல மாமா."

"வலிக்குதா?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்ததும் வந்தது. என் முகம் காட்டிக்கொடுத்திருக்கும். அவர் துண்டை, அதிலிருந்த குஞ்சுகளோடு தொட்டியிலேயே போட்டார்.

"மீனு போனாப் போவுது. மேல ஏறு."

"இன்னும் கொஞ்சம்தான் இருக்குது…"

"ஏறுன்றேன்!" அந்த அதட்டலில் மாடுகள் தலையைத் தூக்கின. என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். சமையல்கட்டில், அண்டா பக்கத்திலேயே, நனைந்த சேலையோடு பாயில் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். மருத்துவச்சியைக் கூட்டிவருகிறேன் என்று கிளம்பினார். எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருந்தது. "போவாதீங்க மாமா" என்றேன். நின்றார். இருப்பதா போவதா என்று தெரியாமல் ஓர் ஆண்பிள்ளை அப்படித் தவித்து நான் பார்த்ததில்லை. வாசலுக்குப் போய், தெருவில் போன யாரையோ மருத்துவச்சி வீட்டுக்கு விரட்டிவிட்டு, ஓடிவந்து அண்டா எதிரில் குந்தினார்.

பிறகு அவர் ஒரு கையால் தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்ப்பார், அண்டாவைப் பார்ப்பார். "இப்ப?" என்று கேட்பார். "இருக்குது" என்பேன். "இப்ப?" "கொஞ்சம் தேவல." பின்கட்டில் தொட்டிப் பக்கம் காக்கைகள் கத்துவது கேட்டது.

மருத்துவச்சி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். சூட்டு வலிதான், பிள்ளை அசைகிறது, எழுந்து நடமாடக் கூடாது என்றாள். மாமனாரைப் பார்த்து, "புள்ளத்தாச்சிய தொட்டியில எறக்கினீங்களா? பெரியவருதான நீங்க?" என்று கேட்டாள். அவர் குனிந்து அண்டாத் தண்ணீரைச் சுழற்றினார்.

உச்சிப்பொழுதில் கோயிலுக்குப் போனவர்கள் குங்குமமும் எலுமிச்சம்பழமுமாக வந்து சேர்ந்தபோது, நான் பாயில் கிடந்தேன், பெரியவர் சமையல்கட்டில் நெல் அவிக்கிற அண்டாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் முதலில் என்னிடம் வந்தார், பிறகு பின்கட்டுக்குப் போனார். வெகுநேரம் அங்கிருந்து வரவில்லை.

"தொட்டியில புண்ணாக்கு கெடந்திச்சி" என்றார் மாமனார், யாரையும் பார்க்காமல்.

ஓரகத்தி எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்தாள். "நான்தான் போட்டேன். நேத்து கெளம்பறப்ப. இவ காலையில குனிய வேணாமேன்னு ரெண்டு கை அள்ளிப் போட்டேன்." சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமனார் என்ன சொல்லப் போகிறாரோ என்று பாயிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். காலையில் என்னிடம் 'எதுக்குப் போட்ட' என்று கேட்ட குரல் காதிலேயே இருந்தது. அவர் கையை உதறித் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பசிக்குமேன்னுதான போட்ட. போ, புள்ளைங்களுக்குச் சோறு போடு" என்றார்.

அண்டாவில் பிழைத்தவை பாதிகூட இருக்காது. தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவி, வெயில் காட்டி, புதுத் தண்ணீர் நிரப்பி மறுபடி விட்டார்கள். என்னை அந்தப் பக்கம் வரவிடவில்லை. ஓரகத்திதான் பார்த்துக்கொண்டாள். சிட்டிகையைக்கூட என்னிடம் கொண்டுவந்து காட்டி, "இது போதுமா, அதிகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுவாள். குட்டையில் விட்டபோது நான் அங்கே இல்லை, பிரசவத்துக்கு அனந்தபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். பெண் பிறந்தாள், நல்லபடியாக.

கைக்குழந்தையோடு திரும்பி வந்த பிறகும் மாமனார் எதிரில் நான் நிற்பதில்லை. அவர் இலையைப் பார்த்து "மோரு" என்பதும் நிற்கவில்லை. ஆனால் நான் குழந்தையை மடியில் போட்டிருக்கும் நேரம் பார்த்து வாசற்படிக்கு வந்து, "தூங்குதா?" என்று என்னையே கேட்பார். "தூங்குது மாமா" என்பேன். அவ்வளவுதான்.

பங்குனியில் குட்டை வற்றத் தொடங்கியதும் வலை போட்டார்கள். விரால் தின்றது போக, பாம்பு தின்றது போக, ஒரு கூடைக்கு வந்தது. முழங்கை நீளத்துக்கு ஒன்று இருந்தது. அதை மாமனார் தனியாக எடுத்துவந்து அரிவாள்மனை பக்கத்தில் வைத்தார். குழம்பு வைத்தோம். வடக்கத்தி மீனுக்கு இவ்வளவு முள்ளா என்று சலித்துக்கொண்டே, ஓரகத்தி பிள்ளைகளுக்கு ஆய்ந்து ஆய்ந்து ஊட்டினாள்.