தியெம் சொன்ன விரல்பாட்டு

கொல்லன் கம்ஸிங்கின் பட்டறையில் துருத்தி தள்ளும் தியெம், அண்ணனான அவனோடு பேசுவதில்லை. எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்து சேரும் எவனுக்கும் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவோம். இல்லாவிட்டால் அவன் பாட்டுக்குக் கம்ஸிங்கிடம் போய், "உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடுங்க" என்று ஏதாவது உளறி வைப்பான்.

என் நூடுல்ஸ் கடை பட்டறைக்கு நேர் எதிரே. நடுவில் மண்பாதை, அதற்குப் பின்னால் ஆறு. பட்டறைக்குச் சுவரும் கிடையாது. அங்கே நடக்கிற எதுவும் என் கண்ணில் படாமல் போகாது. பட்டதை நான் சொல்லாமல் இருந்ததும் கிடையாது.

பகை வந்த கதை சின்னதுதான். தியெம் இளம்பெண்ணாக இருந்தபோது உடோன் என்று ஒரு உப்புப் படகுக்காரன் அவளைக் கேட்டு வந்தான். பையன் நல்லவன்தான். ஆனால் பெண் வீட்டோடு வந்து இருக்க முடியாது, படகுதான் என் வீடு, அவளைக் கூட்டிக்கொண்டு போவேன் என்றான். கம்ஸிங் உலையைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "படகுக்காரனுக்கு ஏது வீடு? அவ போயிட்டா என் துருத்தியை யாரு தள்ளுவா, உன் துடுப்பா?" பாதி விளையாட்டாகத்தான் சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். உடோன் முகம் சிவந்து எழுந்து போனான். அடுத்த மழைக்காலத்தில் கீழாற்றில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான் என்று செய்தி வந்தது.

அன்றைக்கு தியெம் அண்ணனிடம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "துருத்திதானே உனக்கு வேணும்? துருத்தி இருக்கும். நான் இருக்க மாட்டேன்."

சொன்னபடியே இருந்தாள். தினமும் காலையில் வந்தாள். துருத்தியின் இரண்டு மரக்குழாய்களுக்கும் நடுவில் நின்று தண்டுகளை மாற்றி மாற்றித் தள்ளினாள். தண்டின் அடியில் சுற்றியிருக்கும் கோழியிறகு தேய்ந்தால் தானே புதிதாகக் கட்டினாள். பழைய லாரியின் வில்பட்டை இரும்பைக் கம்ஸிங் சிவக்கக் காய்ச்சி எடுத்தால், சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரே போய் நின்றாள். இரும்பின் மேல் அவன் சின்னச் சுத்தியலால் தட்டினால் அடி. இரும்பை வைத்து அடிக்கும் பட்டடையின் ஓரத்தில் தட்டினால் நிறுத்து. வேலைக்கு அவ்வளவு பேச்சே போதும். போதும் என்பதுதான் கொடுமை. பேசியே தீர வேண்டிய தொழிலாக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் சமாதானம் ஆகியிருப்பார்கள்.

ஆரம்பத்தில் கம்ஸிங் கெஞ்சிப் பார்த்தான். சந்தையிலிருந்து பட்டுக்கரை போட்ட பாவாடை வாங்கி வந்தான். அவள் அதை வேலியில் தொங்கவிட்டாள். மழையில் சாயம் போகும் வரை அது அங்கேயே கிடந்தது. அப்புறம் அவனும் வாயை மூடிக்கொண்டான். அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையை நிறுத்தி வைத்துவிட்டுத் தான் மட்டும் போக வெட்கமாக இருந்ததோ என்னவோ. ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு, இரண்டு சோற்றுக்கூடை. அவன் முன் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவான், அவள் பின் படிக்கட்டில். தனியாக வாழ்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து தனியாக வாழ்ந்தார்கள்.

அவள் மனம்விட்டுப் பேசியதெல்லாம் கோழிகளிடமும் என்னிடமும்தான். அதுவும் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். கொசு பாடுவது போல மெல்லிய குரல் அவளுக்கு. என் குரல் அப்படி இல்லை. "கம்ஸிங், நூடுல்ஸ் ஆறுது" என்று நான் கூப்பிட்டால் அக்கரைக்காரனும் சாப்பிட வந்துவிடுவான்.

ஆனால் ஒரே ஒரு நேரத்தில் அண்ணன் இருக்கும்போது தியெம் வாய் திறப்பாள். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கான வாள் அடித்து முடிந்து, தோய்த்து, தீட்டி, பிரம்பு சுற்றிய கைப்பிடி போட்டதும் விரல்பாட்டுச் சொல்ல வேண்டும். கொல்லன் கைப்பிடியிலிருந்து முனை வரைக்கும் தன் கட்டைவிரல்களை மாற்றி மாற்றி வைத்து அளப்பான். விரலுக்கு ஒரு வரி. துருத்தி தள்ளியவர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று வரியைச் சொல்வார். வரி விழுந்த பிறகுதான் விரல் நகரலாம்.

களஞ்சியம் நிறையும்.
கன்று பெருகும்.
பகைவன் உறங்குவான்.
படுக்கை ஆறிப்போகும்.
போனவர் திரும்புவார்.

முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. முனையில் எந்த வரி விழுகிறதோ அதுதான் அந்த வாளின் பலன். படுக்கை ஆறிப்போகும் என்று விழுந்தால் முனையைத் தேய்த்துக் குறைப்பார்கள். வாங்குகிறவன் விரல் வைக்கக் கூடாது. ஆசை உள்ளவன் விரல் நெளியும். பாட்டை உரக்கவும் சொல்லக் கூடாது. வாளுக்குக் கேட்டால் போதும்.

அது வாளுக்குச் சொல்வது, அண்ணனுக்கு இல்லை என்பாள் தியெம். இந்த விதண்டாவாதத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

போன குளிர்காலத்தில் உடோன் திரும்பி வந்தான். தலை நரைத்து, வயிறு வைத்து, பக்கத்தில் அவன் உயரத்துக்கு ஒரு மகனோடு. நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டேன்.

"என்ன தியெம், நல்லாயிருக்கியா?" என்றான். படகில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை.

"இருக்கேன்."

"இவன் மூத்தவன், ஸாய். மலையடிவாரத்துல பொண்ணு பாத்திருக்கு. ஊர்வலத்துல வாள் இல்லாம போனா கதவே திறக்க மாட்டாங்களாம். வாள்னா கம்ஸிங் அண்ணன் அடிச்சதுதான்னு சொல்லிட்டேன்." பிறகு கம்ஸிங்கைப் பார்த்துச் சிரித்தான். "நீங்க அன்னிக்குச் சொன்னது நிஜந்தாண்ணே. படகுக்காரனுக்கு வீடு கிடையாது. என் பொண்டாட்டி கொஞ்ச நாள் பொறுத்தா, அப்புறம் என்னைக் காதைப் பிடிச்சுக் கரையேத்திட்டா."

கம்ஸிங்கும் சிரித்தான். ரொம்ப நாளைக்கப்புறம் அவன் பல்லைப் பார்த்தேன்.

மத்தியானம் தியெம் என் கடைக்கு வந்தாள். கிண்ணத்தைத் தொடவே இல்லை.

"அக்கா, அந்தப் படகுக்காரருக்குக் கோபமும் இல்ல, கூச்சமும் இல்ல. எல்லாத்தையும் ஆத்தோட விட்டுட்டாரு. நான் மட்டும் இத்தனை காலமா அதைக் கட்டிக்கிட்டு கெடந்திருக்கேன்."

"இப்பவாவது தெரிஞ்சுதே. போய் அண்ணன்கிட்ட பேசித் தொலை."

"என்னன்னு பேசறது?"

"சாப்பிட்டியான்னு கேளு. ஊரு பூரா வேற என்னத்தக் கேக்குது?"

அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே தண்டு பிடித்த தோல் ஆமை ஓடு மாதிரி தடித்திருந்தது. "பேசாட்டி ரெண்டு பேருல ஒருத்தர் இப்படியே செத்துப்போயிடுவோம்க்கா. எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை கம்ஸிங் உலைக்குக் கரி அள்ளிக்கொண்டிருந்தான். தியெம் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். வாய் அசைவது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. அவன் திரும்பவில்லை. இன்னொரு முறையும் அசைந்தது. அவன் இடுக்கியை எடுத்தான், துருத்தி ஏன் இன்னும் ஓடவில்லை என்பது போல உலையின் விளிம்பில் தட்டினான். அவள் போய்த் தண்டைப் பிடித்தாள்.

அன்று சாயங்காலம் வந்து அழுதாள். "கேட்டேன்க்கா. அண்ணேன்னு கூடக் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல."

எனக்கு வந்த கோபத்தில் கொதிக்கிற குழம்பைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். "இரு, நான் போய் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

"வேணாம்க்கா. நீ கேட்டு அவன் பேசினா அது பிச்சை. நான் கொடுத்ததத்தான் அவன் திருப்பிக் கொடுக்கறான். வாங்கிக்கறேன்."

அதற்கப்புறம் அந்த வாள் முடியும் வரை அவள் என்னிடமும் அதிகம் பேசவில்லை. நானும் கம்ஸிங்குக்கு இரண்டு நாள் நூடுல்ஸில் கறி போடவில்லை. அவன் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, "இப்பல்லாம் சில்வண்டே கத்தறதில்ல, பாத்தியா? வயல்ல மருந்தடிச்சு அடிச்சு எல்லாத்தையும் கொன்னுட்டானுங்க" என்றான். எங்கள் தலைக்கு மேலே புளியமரத்தில் சில்வண்டு காதைத் துளைத்துக்கொண்டிருந்தது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டு நான் பாத்திரம் கழுவப் போனேன். புத்தி இருந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

வாள் வாங்க உடோனும் ஸாயும் வந்த அன்று நானும் பட்டறைக்குப் போனேன். வாள் அழகாக வந்திருந்தது. நடுவில் லேசாக வளைந்து, முனை வாழைக்குருத்து மாதிரி. கம்ஸிங் அதை வெள்ளைத் துணியில் கிடத்தி, குனிந்து கட்டைவிரலை வைத்தான். தியெம் பின்னால் நின்றாள்.

"களஞ்சியம் நிறையும்."

விரல் நகர்ந்தது. பாட்டு ஒரு சுற்று முடிந்தது, இன்னொரு சுற்று முடிந்தது. உடோன் மகனின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். தியெம் அந்தக் கையைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு மகன் இருந்திருந்தால் ஸாயின் உயரம்தான் இருந்திருப்பான். அடுத்த சுற்றில் 'பகைவன் உறங்குவான்' என்றாள். அதற்கடுத்த வரிக்கு வாய் வரவில்லை. பாட்டு அங்கேயே நின்றது.

கம்ஸிங்கின் விரல் நிற்கவில்லை.

வலது விரல், இடது விரல், வலது விரல். பாட்டு இல்லாமல், நிதானமாக, முனையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. தியெம் அதைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஸாய் அப்பாவின் சட்டையை இழுத்தான்.

"அண்ணே, நிறுத்துங்க. பாட்டு நின்னுபோச்சு" என்றான் உடோன்.

கம்ஸிங் நிமிர்ந்தான். எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான். திருட்டுத்தனம் பிடிபட்டவன் போல முதலில் தலையைக் குனிந்தான். பிறகு கேட்டான்:

"எந்தப் பாட்டு? அவதான் பாட்டு சொல்றதையே நிறுத்தி எவ்வளவோ வருசமாச்சே."

உடோன் தியெமைப் பார்த்தான். கம்ஸிங் தொடர்ந்தான்:

"என் மேல இருக்கிற கோபத்துல வாளுக்குக்கூட சொல்லமாட்டேன்னுட்டா. வெளியில தெரிஞ்சா அவளைத்தானே ஊரு பேசும்? அதான் நானே மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு அளந்துட்டிருக்கேன். பலன்ல ஒரு குறையும் இல்ல உடோன், சத்தியமா."

என் குரல் அவனுக்குக் கேட்கும். உடோன் குரல் கேட்கும். சுத்தியல் கேட்கும். இரும்புச் சத்தம் அவன் காதைத் தின்னத் தொடங்கியபோது மெல்லிய சத்தங்களை முதலில் தின்றிருக்கிறது. சில்வண்டையும், தங்கையையும். அவள்தான் பேசுவதே இல்லையே, கேட்காமல் போனது அவனுக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் இருந்த மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

தியெம் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து சுற்றி வந்தாள். வாளுக்கு மறுபக்கம், அவன் முகத்துக்கு நேரே நின்றாள். துருத்திக்காரி அங்கே நிற்கக் கூடாது. யாரும் தடுக்கவில்லை. இருக்கிற குரலையெல்லாம் திரட்டிக் கேட்டாள். அவ்வளவு திரட்டியும் அது ஒரு கோழிக்குஞ்சின் சத்தம்தான்.

"சாப்பிட்டியாண்ணே?"

கம்ஸிங் அவள் உதட்டையே பார்த்தான். காதுப்பக்கம் கையைக் குவித்துக்கொண்டான். அவள் மறுபடி கேட்டாள். அவன் முகம் கோணியது. சின்னப் பையன் மாதிரி உடோன் பக்கம் திரும்பினான்.

"என்ன சொல்றா?"

உடோன் குரலை உயர்த்தினான். "சாப்பிட்டியான்னு கேக்கறா."

"இன்னும் இல்ல" என்றான் கம்ஸிங். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இன்னும் இல்லேன்னு அவகிட்ட சொல்லு."

அவள் கை எட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.