சித்தேரி மலையில் ஒரு பானை சாமை விதை

தீர்த்தமலைக்கு வேண்டுதல் பாக்கி இருந்தது. யுத்தம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுப் பார்த்தேன். அது முடிகிற வழியாய்த் தெரியவில்லை. சித்திரைக் கடைசியில் கிளம்பிவிட்டேன். சேலத்திலிருந்து அரூருக்குக் கரி பஸ், பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடுவது. காலை ஏழுக்கு ஏறியவன் உச்சி வெயிலில் இறங்கினேன். மேடு வந்தால் டிக்கெட் வாங்கியவனும் இறங்கித் தள்ள வேண்டுமாம். கேட்டால் கண்டக்டர் முறைக்கிறார்!

தரிசனம் முடிந்து அரூர் திரும்பியதும், வந்தது வந்தோம், சித்தேரி மலையையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. சந்தையில் வழித்துணையாகக் கிடைத்தவர் வெள்ளையன், மலைக்காரர், முப்பது வயதிருக்கும். பங்குனிக் காட்டுத்தீயில் அவர் ஊர் முழுக்க எரிந்துவிட்டது. பக்கத்து மலையூரில் குப்பாயி என்ற அம்மாள் வீட்டில் இருக்கும் தன் சாமை விதையை எடுக்கப் போவதாகச் சொன்னார்.

அடிவாரம் வரை பத்து மைல் சொச்சம். மாட்டு வண்டிக்கு ஒரு ரூபாய். பிறகு ஆறேழு மைல் ஏற்றம், நடைதான். வழியில் பாதி மலை கரிக்கட்டையாய் நின்றது. ஒரு குருவிச் சத்தம் கிடையாது. முழங்கால் வரை சாம்பல் அப்பிக்கொண்டது.

வெள்ளையன் பேசிக்கொண்டே வந்தார். அவர் தகப்பனாரின் வாலிபத்தில் ஒரு தீ வந்து விதையெல்லாம் போய், ஊரே கிழங்கு தோண்டித் தின்றதாம். அதில் கற்றுக்கொண்டதுதான் இந்த ஏற்பாடு: இந்த ஊர் விதை அந்த ஊரில், அந்த ஊர் விதை இந்த ஊரில். நல்ல யோசனைதானே என்றேன். அவர் நின்றுவிட்டார்.

"எங்க வெதை அங்க பத்தரமா இருக்குதுங்க. அவங்க வெதை எங்க வூட்டோட எரிஞ்சி போச்சி. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயி கேப்பன்?"

இருப்பது ஒரு பானை. முதல் மழைக்கு விதைக்க வேண்டிய வீடு இரண்டு.

குப்பாயி வாசலில் காட்டுக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்துபோய், அடுப்புக்கு மேலே பரணிலிருந்த பானையை இறக்கி வைத்தார். பானை வாயில் பூசிய சாணி விரிசல்கூட விடவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விலா எலும்பை எண்ணலாம். ஆனாலும் அந்த விதையில் கை வைக்கவில்லை. கோபம் மட்டும் இருந்தது. பட்டப்பகலில் வந்த தீயில், உங்கள் வீட்டிலிருந்த எங்கள் பானையைத் தூக்க ஓர் ஆள் இல்லையா என்று கேட்டேவிட்டார்.

வெள்ளையன் தலை நிமிரவில்லை. "அத எடுக்கத்தான் அக்கா எங்கப்பன் திரும்ப உள்ள போனாரு. வெளிய வரல."

குப்பாயி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து ஒரு முறத்தை எடுத்துவந்து, பானையைத் திறந்து, விதையைச் சரிபாதியாகப் பிரித்தார். எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று வெள்ளையன் கெஞ்சியதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பாதி விதை என்றால் பாதிக் காடுதான் விதைக்க முடியும். இரண்டு வீட்டிலும் அடுத்த வருஷமும் அரைவயிறுதான். பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: அரிசியும் உப்பும் கையோடு கொண்டுபோங்கள். அங்கே சோறு கேட்காதீர்கள், கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். பீடி, சுருட்டு, தீப்பெட்டி எல்லாம் அடிவாரத்தோடு சரி. சித்திரையில் சுனைகள் வற்றிக் கிடக்கும். தண்ணீரும் சுமந்துதான் ஏற வேண்டும்.

நாங்கள் கிளம்பும்போது குப்பாயி தன் பாதியிலிருந்து இரண்டு கை அள்ளித் துணியில் முடிந்து வெள்ளையனிடம் நீட்டினார்.

"இனிமே முழுசா ஒரே எடத்துல வெக்க வேணாம், தம்பி. இது எங்களுது. ஒன் வூட்டுல இருக்கட்டும்."

வீடே இல்லாத மனிதர் அதை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். மலை இறங்கும்வரை மடிமேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.