என் மகள் பேசும் தமிழ்

என் மகள் பிறந்ததும் எங்கள் வீட்டில் மொழிகளைப் பங்கு பிரித்தோம். மாமியார் அவளிடம் பிரெஞ்சு மட்டும் பேசுவார். பிரான்சில் வேலை பார்க்கும் என் கணவரும் வீடியோவில் பிரெஞ்சுதான். எனக்கு ஆங்கிலம். "ஆளுக்கு ஒரு பாஷை. அப்பதான் கொழந்தைக்குக் கொழப்பம் வராது" என்றார் மாமியார்.

எனக்கு அதில் பெருமைதான், மறைக்க மாட்டேன். என் அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தவள். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களின் வீட்டை ஊரில் சொல்தா வீடு என்பார்கள். அப்படி ஒரு வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது எனக்கு பிரெஞ்சில் வணக்கம் சொல்லக்கூடத் தெரியாது. என்னிடம் அவர்கள் மதித்தது என் ஆங்கிலத்தை மட்டும்தான். அதையே என் மகளுக்குக் கொடுக்கச் சொன்னால் வேண்டாம் என்பேனா?

தமிழை யாருக்கும் ஒதுக்கவில்லை. ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

"தமிழு எங்க போயிடப் போவுது? தெருவுல எறங்குனா தமிழுதான். அதுக்கு ஒரு ஆள் போட்டு கத்துக் குடுப்பாங்களா?" என்று மாமியார் சிரித்தார். நானும் சிரித்தேன். புதுச்சேரியில் வளர்கிற பிள்ளைக்குத் தமிழ் வராமல் போகும் என்று யார் நினைப்பார்கள்?

ஆனால் அவள் தெருவில் இறங்கவே இல்லை. எங்கள் கேட் எப்போதும் பூட்டியிருக்கும். பிரெஞ்சுப் பள்ளிக்குக் கார், பாட்டு வகுப்புக்குக் கார். அவள் எதிரில் நானும் மாமியாரும் தமிழில் பேசிக்கொள்வதைக்கூட நிறுத்திவிட்டோம். என் அப்பாவுடன் போனில் பேச வேண்டுமென்றால் நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். வீட்டுக்குள் தமிழ் கேட்டது ஒரே ஒருவரிடம் பேசும்போதுதான். சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் ஓர் அக்கா வருவார். டீ போடு, அந்தத் தட்ட எடு, இங்க தொட, இன்னும் ஆவலியா, சீக்கிரம். மாமியார் சொல்வதும் அதுதான், நான் சொல்வதும் அதுதான். அக்கா அதிகம் பேசாமல் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்.

என் மகளுக்கு இப்போது ஐந்து வயது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் லோடு இறக்குகிறார். லீவு கிடைப்பது அரிது, பேத்தியைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவித்த வேர்க்கடலை ஒரு பை நிறைய. கால் கழுவிக்கொண்டு வந்தவர் தயங்கித் தயங்கி சோஃபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். அறையிலிருந்து என் மகள் வந்து பார்த்தாள்.

"அங்க இல்ல. கீழ உக்காரு" என்றாள்.

எங்கள் வீட்டில் அக்கா தரையில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்.

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "உத்தரவு மகாராணி!" என்று தரையில் இறங்கிச் சம்மணம் போட்டார். என்னைப் பார்த்து, "இன்னாம்மா, கொழந்தைக்குத் தமிழு வராதுன்ன? எப்டி பேசுது பாரு!" என்றார்.

"இது இன்னா? உள்ள வை. சீக்கிரம்" என்றாள் மகள், பையைக் காட்டி.

அவர் எழுந்து பையை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து மறுபடி தரையில் உட்கார்ந்தார். மாமியார் பதறி வெளியே வந்தார். "சம்மந்தி, மேல உக்காருங்க, அது தெரியாம சொல்லுது."

"இருக்கட்டும்மா. பேத்திதான சொல்லுச்சி."

பிறகு அவளிடம் கேட்டார்: "தாத்தாகூட ஊருக்கு வர்றியா? தேர் பாக்கலாம். வீராம்பட்டினத்துல எம்மாம் பெரிய தேரு தெரியுமா?"

அவள் விழித்தாள். அவளிடம் இருந்த தமிழில் கேள்விக்குப் பதில் கிடையாது. என் பக்கம் திரும்பி, இந்த ஆளுக்கு என்ன வேண்டுமாம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "இன்னா சொல்லுது?" என்று அப்பா ஆவலாகக் கேட்டார். யோசித்துச் சொல்கிறாளாம் என்றேன். சாப்பிட்டு முடிக்கும்வரை அவர்கள் இருவருக்கும் நடுவில் துபாஷியாக நின்றேன். இரண்டு பக்கமும் பொய்யாகவே மொழிபெயர்த்தேன்.

மறுநாள் காலையிலிருந்து அவளிடம் தமிழில் பேச ஆரம்பித்தேன். மாமியாரும் தடுக்கவில்லை. முந்தின நாள் நடந்தது அவரையும் சுட்டிருந்தது. தலை வாரிவிட்டபடி, "நேத்து என்ன கனவு வந்துச்சி கண்ணு?" என்றேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். மம்மி ஏன் அக்கா மாதிரி பேசுகிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள் போல. கொஞ்ச நேரத்தில் அவளும் சேர்ந்துகொண்டாள்.

"போ. தண்ணி எடுத்துட்டு வா."

நான் எடுத்து வந்தேன்.

சில வாரங்கள் விடாமல் முயன்றேன். கதை சொன்னேன், காதைப் பொத்திக்கொண்டாள். மணக்குள விநாயகர் கோயிலுக்கு அழைத்துப் போய் யானையைக் காட்டிப் பேசினேன், யானைக்கும் உத்தரவு போட்டாள். நான் தமிழில் பேசும்போதெல்லாம் என்னிடம் முத்தம் வாங்க மாட்டாள். ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் படுத்துத் தமிழில் கொஞ்சியபடி தட்டிக்கொடுத்தேன். அழுகையோடு தள்ளிவிட்டு, அம்மா வேண்டும், அம்மாவைக் கூப்பிடு என்றாள், ஆங்கிலத்தில். நான் ஆங்கிலத்துக்கு மாறி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனாள். அதோடு நான் விட்டுவிட்டேன்.

என் ஆங்கிலத்தைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் நானும் நாற்று நட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் என் அப்பாவுக்குப் புரிகிற ஒரு சொல்கூட அதில் இல்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை.

விசா வந்துவிட்டது. வரும் விடுமுறையில் நாங்கள் கணவரிடம் போகிறோம். அங்கே வேலைக்கு ஆள் கிடையாது, அதனால் இவளுக்கு இருக்கிற இந்தத் தமிழும் மிஞ்சாது. அப்பாவிடம் நான் எதையும் விளக்கவில்லை. பேத்தி தன்னிடம் மட்டும்தான் தமிழ் பேசுகிறாள் என்று கம்பெனியில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

நேற்று போன் செய்தார். "கொழந்தைகிட்ட குடும்மா. எதுனா பேசச் சொல்லு. திட்டுனாலும் பரவால்ல."

கொடுத்தேன். அவள் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். காதில் வைத்துக் கேட்டாள்.

"வேணாம். நாளைக்கி வா" என்றாள். கேட்டுக்கு வெளியே வந்து நிற்கும் காய்கறிக்காரரிடம் மாமியார் சொல்வது.

"சரிங்கம்மா, வர்றேன்" என்ற அப்பாவின் குரல் எனக்கும் கேட்டது. இன்று லீவு சொல்லிவிட்டு, வந்துகொண்டிருக்கிறார்.